காவல்காரச் சகோதரர்கள்

புற்று நோய் என்று வாய் விட்டுச் சொல்ல நம்மில் பலருக்குத் துணிவு வருவதில்லை. "அவருக்கு அந்த வியாதியாம்" என்று குரலைத் தாழ்த்திக் கொண்டுதான் சொல்வோம். கல்யாணம் பேச வந்த இடத்தில் இந்தப் பேச்சு எழுந்து விட்டால் கேட்கவே வேண்டாம். ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருந்தியிருந்தாலும், "யோசித்துச் சொல்கிறோம்" என்று காப்பியைக் குடித்து விட்டுக் கிளம்பி விடுவார்கள். இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி அதுதான்: "அம்மாவுக்கு வந்ததே, எனக்கும் வருமா?"

பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்களை நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். புற்று நோய் ஏன் சிலருக்கு வருகிறது என்று எல்லோரும் கேட்கிறோமே, அது ஏன் நம் எல்லோருக்கும் எப்போதோ வந்துவிடவில்லை என்று யாராவது கேட்டதுண்டா?

கணக்கைப் பாருங்கள். நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. செல் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஜீவ அணு. உங்கள் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் படமே போட்டுக் காட்டுவான். தோலிலும், குடலிலும், ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையிலும் இவை ஓயாமல் தேய்ந்து மறைய, புதியவை அந்த இடத்துக்கு வந்து கொண்டே இருக்கின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் அதற்குள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்ற சாஸனத்தை முழுதாகப் பிரதி எடுத்தாக வேண்டும். அதில் ஏறக்குறைய 600 கோடி எழுத்துக்கள்! மூன்று பேர் உட்கார்ந்து 'புரூப்' திருத்துகிற எங்கள் ஆபீஸிலேயே வாரத்துக்கு நாலு பிழை தப்பி விடுகிறது. வெயில், புகை, தின்கிற பண்டம் எல்லாமும் சேர்ந்து சிதைக்கிற அந்தச் சாஸனத்தில் தப்பு விழாமல் இருக்குமா? விழத்தான் விழுகிறது. 'பிரிவதை நிறுத்து' என்று எழுதியிருந்த இடங்கள் அழிந்து போனால் அந்தச் செல் பிரிந்து கொண்டே போகும். அதுதான் புற்று நோய்.

அப்படி இருந்தும் நாம் எழுபது எண்பது வயது வரை நடமாடுகிறோம் என்றால் உள்ளே யாரோ காவல் காக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? காக்கிறவர்கள் பலர். அவர்களில் மிகவும் பெயர் பெற்ற ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இந்த வாரம். மூன்று பேர் கொண்ட குடும்பம். பெயர்கள் கொஞ்சமும் அழகில்லாதவை: பி-53, பி-63, பி-73. மூன்றும் ஜீன்களின் பெயர்கள். ஜீன் என்பது அந்தப் பெரிய சாஸனத்தில் ஒரு பத்தி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைப் படித்துப் பார்த்துச் செல் ஒரு புரோட்டீனைத் தயார் செய்கிறது. வேலை செய்வது அந்தப் புரோட்டீன்தான்.

பெயர் வந்த கதையே ஒரு வேடிக்கை. 1979-ஆம் வருஷம் லண்டனில் டேவிட் லேன், லயனல் க்ராபர்ட் என்ற இருவரும், அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஆர்னால்டு லெவின் என்பவரும், குரங்குகளிடம் காணப்படும் ஒரு வைரஸைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சிக் கூடத்து எலி ஜாதிப் பிராணிகளுக்கு அந்த வைரஸ் கட்டி உண்டாக்கும். வைரஸின் புரோட்டீனைத் தனியே பிடித்து இழுத்த போது, அதோடு ஒட்டிக் கொண்டு இன்னொரு புரோட்டீனும் வெளியே வந்தது. அது வைரஸைச் சேர்ந்ததல்ல, செல்லுக்கே சொந்தமானது. நியூயார்க்கில் லாயிட் ஓல்டு என்பவருடைய கோஷ்டிக்கும் அதே வருஷம் வேறு வழியாக அது அகப்பட்டது. எடை போட்டுப் பார்த்தார்கள். 53,000 என்று காட்டியது. பி-53 என்று பெயர் வைத்து விட்டார்கள். பிற்பாடு சரியாகக் கணக்குப் பார்த்தால் உண்மை எடை 44,000-க்கும் கொஞ்சம் குறைவு! ஆனால் ரேஷன் கார்டில் தப்பாக ஏறிய பெயர் மாதிரி, 53 என்பது நிலைத்து விட்டது.

பெயரில் மட்டுமா தவறு? ஆளையே தவறாகப் புரிந்து கொண்டார்கள். கட்டிகளிலிருந்து இந்த ஜீனை எடுத்து வேறு செல்களில் செலுத்திய போது, அந்தச் செல்கள் புற்றுச் செல்களாக மாற அது உதவி செய்தது. சரி, இவன்தான் புற்று நோயை உண்டாக்கும் போக்கிரி என்று முத்திரை குத்தி விட்டார்கள். பத்து வருஷ காலம் புத்தகங்களிலெல்லாம் அப்படித்தான்.

1989-ல் குட்டு உடைந்தது. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பெர்ட் வோகல்ஸ்டைன் என்பவரும் அவருடைய மாணவர்களும் பெருங்குடல் கட்டிகளைச் சோதித்துக் கொண்டிருந்தார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி அல்லவா? கட்டிகளில் 17-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு ஒரு பிரதியில் காணாமலே போயிருந்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டியவன் பி-53. மீந்திருந்த மற்றொரு பிரதியைப் பார்த்தார்கள். அது இருந்தது, ஆனால் எழுத்து மாறிக் கெட்டுப் போயிருந்தது. அதே சமயம் லெவினுடைய சொந்தக் கூடத்திலேயே, கெடாத நல்ல பி-53-ஐச் செலுத்தினால் செல்கள் புற்றாக மாறுவது தடைபடுகிறது என்று கண்டார்கள். பத்து வருஷமாக எல்லோரும் பரிசோதித்தது கெட்டுப் போன பிரதிகளை! திருடர்களோடு சேர்ந்துவிட்ட ஒரு காவல்காரனை மட்டும் பார்த்து விட்டு, காவல்காரன் என்றாலே திருடன் என்று தீர்மானித்த மாதிரி.

தாங்கள் பத்து வருஷம் எழுதியதைத் தாங்களே அடித்துத் திருத்துவது லேசான காரியமல்ல. லெவின் அதைச் செய்தார். எனக்கு அந்த மனிதரிடம் மரியாதை உண்டாகக் காரணம் 1979-ஐ விட 1989-தான். 1993-ல் அமெரிக்காவின் 'ஸயன்ஸ்' பத்திரிகை, பி-53-ஐ அந்த வருஷத்தின் தலைசிறந்த மூலக்கூறு என்று தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது.

இவனுடைய உத்தியோகம் என்ன? சாதாரண நாட்களில் ஒன்றுமில்லை. செல் இவனைத் தயார் செய்யும். தயாரான இருபது நிமிஷத்துக்குள்ளாகவே எம்.டி.எம்-2 என்ற மற்றொரு புரோட்டீன் இவனைப் பிடித்துக் கொண்டு போய் ஒழித்துக் கட்டி விடும். செய்வதும் அழிப்பதுமாக நாள் முழுவதும் இதே வேலை. வீண் செலவு என்று தோன்றும். ஆனால் டி.என்.ஏ. அறுந்தது என்று தகவல் வந்தவுடன் எம்.டி.எம்-2-இன் பிடி தளர்கிறது. புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை, ஒழிப்பதை நிறுத்தினால் போதும். பி-53 மளமளவென்று குவிந்து விடுகிறது. நான்கு நான்காகச் சேர்ந்து போய் டி.என்.ஏ.யின் மேல் உட்காருகிறது. 'பிரிவதை நிறுத்து' என்பது முதல் உத்தரவு. பழுது பார்க்க அவகாசம் கொடுப்பது அடுத்தது. பழுது தீராது என்று தெரிந்தால் 'உன்னை நீயே முடித்துக் கொள்' என்பது கடைசி உத்தரவு. அந்தச் செல் சத்தமில்லாமல் சுருங்கி மடிந்து போகும். வெயிலில் அலைந்து தோல் உரிகிறதே, அங்கே மடிந்த செல்களில் பல இவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவைதான்.

நான்கு பேராகத்தான் வேலை செய்வார்கள் என்றேன். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கெட்ட பிரதியிலிருந்து வந்தவன் நால்வரில் ஒருவனாகக் கலந்து விட்டால் மற்றவர்களையும் வேலை செய்ய விடமாட்டான்.

'அப்படிப்பட்ட காவல்காரனை எதற்கு இருபது நிமிஷத்தில் ஒழிக்க வேண்டும்? அவிழ்த்து விட்டால் புற்று நோயே வராதே?' என்று கேட்பீர்கள். விஞ்ஞானிகளும் அப்படித்தான் கேட்டார்கள். எம்.டி.எம்-2 இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். ஒன்று கூடப் பிறக்கவில்லை; தாயின் வயிற்றிலேயே கரு அழிந்தது. எம்.டி.எம்-2-உடன் பி-53-ஐயும் சேர்த்து எடுத்து விட்டால் எலிகள் உயிரோடு பிறந்தன. அதாவது, கட்டில்லாத காவல்காரன் வீட்டிலிருப்பவர்களையே தீர்த்து விடுகிறான். இது 1995-ல். 2002-ல் டெக்ஸஸ் மாகாணத்தில் லாரன்ஸ் டோனஹவர் என்பவருடைய கூடத்தில், சற்றே முறுக்கேறிய பி-53 உடைய எலிகள் பிறந்தன. அவற்றுக்குக் கட்டிகள் வெகு குறைவு. ஆனால் பாவம், சீக்கிரமே கிழடு தட்டி விட்டது! எலும்பு மெலிந்து, முதுகு கூனி, தோல் மெல்லிதாகி, மற்ற எலிகளுக்கு முன்பே செத்துப் போயின. தேய்ந்ததற்குப் பதில் வர வேண்டிய புதுச் செல்களையும் காவல்காரன் தடுத்து விட்டான் போலிருக்கிறது.

புற்று நோய்க்குப் பயந்தால் முதுமை, முதுமைக்குப் பயந்தால் புற்று நோய். இதென்ன சங்கடம் என்று நினைக்க வேண்டாம். அதே 2002-ல் ஸ்பெயின் தேசத்தில் எலிகளுக்கு பி-53-இன் பிரதி ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்கள், ஆனால் கட்டுப்பாடுகளையெல்லாம் அப்படியே வைத்து விட்டு. அந்த எலிகள் புற்று நோயையும் எதிர்த்தன, சீக்கிரம் கிழமாகவும் இல்லை. ஆள் எத்தனை பேர் என்பதை விட, அவர்கள் எப்போது எழுந்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இதை மனிதன் கண்டு பிடிப்பதற்கு முன்பே யானை கண்டு பிடித்திருக்கிறது! யானையின் உடம்பில் நம்மை விட எத்தனையோ மடங்கு அதிகமான செல்கள். கணக்குப் படி அதற்குத்தான் அதிகமாகப் புற்று நோய் வர வேண்டும். வருவதோ அபூர்வம். 2015-ல் அமெரிக்காவில் இரண்டு கோஷ்டிகள் காரணத்தைத் தேடியபோது, நம்மிடம் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்றாக இருக்கிற இந்த ஜீன், யானையிடம் இருபது இருபதாக, மொத்தம் நாற்பது இருப்பது தெரிந்தது. இவற்றில் பெரும்பாலானவை சுருக்கப் பிரதிகள்தான். ஆனாலும் டி.என்.ஏ. கொஞ்சம் அடிபட்டாலே யானையின் செல் தயங்காமல் உயிரை விட்டு விடுகிறது.

★

மற்ற இரண்டு சகோதரர்களையும் மறந்து விட்டோமே! பதினெட்டு வருஷ காலம் பி-53-க்கு உற்றார் உறவினர் யாரும் இல்லையென்றே எண்ணியிருந்தார்கள். 1997-ல் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில், வேறெதையோ தேடிக் கொண்டிருந்தவர்கள் கையில் அதே ஜாடையில் ஒரு ஜீன் அகப்பட்டது. அதுதான் பி-73. மறு வருஷமே அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆனி யாங், ஃபிராங்க் மக்கியன் என்பவர்கள் பி-63-ஐ அறிவித்தார்கள். ஜாடை ஒன்றானால் தொழிலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இன்னும் இரண்டு புற்று நோய்க் காவலர்கள் கிடைத்து விட்டார்கள் என்று ஒரே ஆரவாரம்.

பி-53 இல்லாத எலிகள் பார்வைக்கு நன்றாகவே பிறந்து, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் கட்டி வந்து மடியும் என்பது 1992-லேயே தெரிந்திருந்தது. பி-63 இல்லாத எலிகளுக்கும் அப்படித்தான் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். 1999-ல் இரண்டு கூடங்களில் அவை பிறந்தன. புற்று நோயைப் பற்றிய பேச்சே எழவில்லை. அந்தக் குட்டிகளுக்குக் கால்கள் சரியாக முளைக்கவில்லை. உடம்பின் மேல் தோலே இல்லை. உடம்பிலுள்ள ஈரமெல்லாம் ஆவியாகிப் பிறந்த அன்றே செத்தன. தோலையும் கை கால்களையும் உண்டாக்குகிற வேலைக்கு மேஸ்திரி இவன்தான் என்று அப்போது தெரிந்தது.

அதே வருஷம் மனிதர்களிடமும் இது தெரிய வந்தது. சில குழந்தைகள் கையும் காலும் நடுவில் பிளந்து நண்டுக் கொடுக்கு மாதிரி பிறக்கும், உதடு பிளந்திருக்கும், தலைமுடியும் பல்லும் சரியாக இராது. மூன்றும் சேர்ந்து வருகிற இந்தக் கோளாறுக்கு பி-63-இல் ஓர் எழுத்து மாறியிருப்பதே போதும். கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள், கத்தியைத் தொட்டாள் என்று நம் ஊரில் அந்தத் தாயின் மேல் எத்தனை பழி! (உதட்டுப் பிளவு எல்லாவற்றுக்கும் பி-63 காரணமல்ல, வேறு காரணங்களும் பல உண்டு. கிரகணம் மட்டும் அவற்றில் சேராது.)

பி-73 இல்லாத எலிகளுக்கு மூளையில் நீர் கோத்துக் கொண்டது. மூக்கில் ஓயாத சீழ். ஏன் என்பது 2016-ல்தான் விளங்கிற்று. சுவாசக் குழாயில் சளியையும் தூசியையும் பெருக்கித் தள்ளுகிற நுண்ணிய ரோமங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை முளைக்கச் செய்வது பி-73-இன் பொறுப்பு.

ஆக, இது முதலில் போலீஸ் குடும்பமே அல்ல, கட்டுகிற குடும்பம். பி-63-இன் இன்னொரு வேலையைக் கேட்டால் இந்த வம்சத்தின் பழைய தொழில் என்னவென்று ஊகிக்கலாம். பெண் குழந்தை பிறக்கும் போதே வாழ்நாளுக்குத் தேவையான சினை முட்டைகளெல்லாம் அவள் வயிற்றில் இருக்கின்றன, பத்து லட்சத்துக்கும் மேலே. அந்த முட்டைகளுக்குள் பி-63 இரண்டிரண்டாக அடங்கித் தூங்குகிறது. முட்டையின் டி.என்.ஏ. சேதமானால் விழித்துக் கொண்டு நான்கு நான்காகக் கூடி, அந்த முட்டையை அழித்து விடுகிறது. பிறக்கப் போகும் குழந்தைக்குப் பழுதான சாஸனம் போய்ச் சேரக் கூடாதல்லவா? இதை 2006-ல் எலிகளிடம் காட்டினார்கள். கடலோரச் சேற்றில் பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற பிராணியிடம் கூட இந்த வம்சத்து மூதாதை ஒருவன் இதே காரியத்தைச் செய்கிறான். புற்று நோய் வருகிற அளவுக்கு உடம்பு பெரிதாகி ஆயுளும் நீண்ட பிற்பாடுதான், இளையவனான பி-53 அந்தத் தொழிலை உடம்பு முழுவதற்கும் எடுத்துக் கொண்டான் போலும்.

இது வெறும் சுவாரஸ்யமான சமாசாரம் அல்ல. புற்று நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் கதிர் வீச்சும் டி.என்.ஏ.யைச் சிதைப்பவை. பி-63 அதைக் கண்டதும் தன் கடமையைச் செய்து விடுகிறது. இளம் பெண்களுக்குச் சிகிச்சை முடிந்து நோய் குணமான பிறகு, மாதவிடாய் நின்று மலடாகிப் போவதற்கு இது ஒரு காரணம். ஆகையால் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே, "முட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்த வழியுண்டா?" என்று டாக்டரைக் கேட்க வேண்டும். உயிர் போகிறதா இருக்கிறதா என்ற கவலையில் யாருக்கும் இது ஞாபகம் வராது. பெண்ணின் தாயார் கேட்கலாம். அவளைக் கைப்பிடித்தவன் கேட்கலாம்.

★

இப்போது கடிதங்களுக்கு வருகிறேன்.

மனிதர்களுக்கு வருகிற புற்றுக் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் பி-53 கெட்டுப் போயிருக்கிறது. பிறக்கும் போதே கெட்டிருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆயுள் காலத்தில், உடம்பில் ஏதோ ஒரு மூலையில், ஒரு செல்லில் கெடுகிறது. யார் கெடுத்தார்கள் என்பதற்குச் சில சமயம் கைரேகையே கிடைக்கிறது. சீனாவில் சிடோங் என்ற பகுதியிலும், தென் ஆப்பிரிக்கப் பிரதேசத்திலும் ஈரல் புற்று நோய் அதிகம். அந்தக் கட்டிகளில் பலவற்றிலும் பி-53-இல் ஒரே இடத்தில், 249-ஆவது இடத்தில், ஒரே எழுத்து மாறியிருப்பதை 1991-ல் கண்டார்கள். காரணம் அஃப்ளடாக்ஸின் என்ற விஷம். மக்காச் சோளத்திலும் வேர்க்கடலையிலும் ஈரம் பட்டால் படர்கிற ஒரு பூஞ்சணம் அதைச் சுரக்கிறது. வறுத்தாலும் வேக வைத்தாலும் அது லேசில் போகாது. பூத்துப் போன கடலையை உதறி எடுத்துச் சட்னிக்குப் போடும் சிக்கனம் நம் வீடுகளிலும் உண்டு. அம்மாமார்களே, அந்தச் சிக்கனம் வேண்டாம். கசக்கிற கடலையைத் துப்பி விடுங்கள்.

சிகரெட் புகையிலுள்ள ஒரு தார்ப் பொருள், நுரையீரல் கட்டிகளில் பி-53 எந்தெந்த இடங்களில் கெட்டிருக்கிறதோ சரியாக அதே இடங்களில் போய் ஒட்டிக் கொள்கிறது என்று 1996-ல் காட்டினார்கள். புகையிலைக்கும் புற்று நோய்க்கும் முடிச்சுப் போடுவது வெறும் புள்ளி விவரம் என்று வாதாடி வந்தவர்களுக்கு அதற்குப் பிறகு பேச்சில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்று நோயில் நடப்பது வேறு தினுசு. அங்கே பி-53 ஜீன் பெரும்பாலும் பழுதில்லாமலே இருக்கிறது. ஆனால் பாப்பிலோமா என்ற வைரஸ் உள்ளே புகுந்து, செல்லின் வேலையாளையே கைக்குள் போட்டுக் கொண்டு, தயாராகும் பி-53-ஐ அவ்வப்போது அழித்து விடுகிறது. இந்த வைரஸுக்கும் அந்த நோய்க்கும் உள்ள உறவைக் கண்டு சொன்ன ஜெர்மானியர் ஹரால்டு ஸூர் ஹவுஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி 2006-லேயே வந்து விட்டது. ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போடுவது மிகவும் நல்லது. 'சின்னக் குழந்தைக்கு இப்போது என்ன அவசரம்?' என்று தள்ளிப் போடாதீர்கள். வைரஸ் வருவதற்கு முன்னால் போட்டால்தான் பூரண பலன்.

ஆக, 'அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா' என்றால், நூறு புற்று நோயாளிகளில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் பரம்பரையாக வந்த ஜீன் காரணம். எழுபது வயதுத் தாத்தாவுக்குத் தொண்டையில் வந்ததற்காகப் பேத்தியின் கல்யாணத்தை நிறுத்துவது அநியாயம். இதைப் படிக்கும் மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவும்.

ஆனால் அந்த ஐந்து பத்துப் பேரை மறைத்து விட்டு ஆறுதல் சொல்வதும் சரியல்ல. 1969-ல் பிரெடரிக் லீ, ஜோஸப் ஃபிராமினி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் நான்கு குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். குழந்தைக்குத் தசையில் புற்று. இளம் தாய்க்கு மார்பில். உறவினர்களுக்கு வேறு வேறு இடங்களில். ஒரே வகை நோயாக இல்லாததால் அதுவரை யாரும் கோத்துப் பார்க்கவில்லை. 1990-ல்தான் இத்தகைய குடும்பங்களில் பி-53-இன் ஒரு பிரதி பிறவியிலேயே பழுது என்று தெரிந்தது. அபூர்வமான கோளாறுதான். ஒரே வழி உறவில், இளம் வயதிலேயே, பலருக்குப் பல விதப் புற்று நோய் வந்திருந்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு வந்திருந்தால், டாக்டரிடம் குடும்ப வரலாறு முழுவதையும் சொல்லுங்கள். இன்னாருக்கு எத்தனை வயதில் வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

"தெரிந்து கொண்டு என்ன லாபம்? பயம்தானே மிச்சம்?" என்பவர்களுக்கு இரண்டு செய்திகள். கனடாவில் டொராண்டோ டாக்டர்கள், இத்தகைய பிறவிப் பழுது உடையவர்களை முழு உடம்பு ஸ்கான், ரத்தப் பரிசோதனை என்று வருஷம் தவறாமல் கண்காணித்து வந்தார்கள். 2016-ல் வெளியான கணக்கு: கண்காணிப்பில் இருந்தவர்களில் ஐந்து வருஷம் கழித்து உயிருடனிருந்தவர்கள் நூற்றுக்கு 89, இல்லாதவர்களில் 60. சிறிய ஆராய்ச்சிதான். ஆனாலும் வித்தியாசம் சிறியதல்ல.

மற்றொன்று பிரேஸில் தேசத்துச் செய்தி. அதன் தெற்கே பரானா என்ற மாகாணத்தில் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் புற்று நோய் வருவது மற்ற நாடுகளைப் போல் பத்து பதினைந்து மடங்கு. மூன்று நாலு வயதுக் குழந்தைக்கு முகப்பரு வரும், உடம்பில் ரோமம் முளைக்கும், குரல் தடித்து விடும். (எந்த ஊர்க் குழந்தையானாலும் இப்படிக் கண்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.) 2001-ல் காரணம் தெரிந்தது: பி-53 புரோட்டீனின் 393 கண்ணிகளில் 337-ஆவது கண்ணி மாறியிருக்கிறது. எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு மூதாதையிடமிருந்து இது தலைமுறை தலைமுறையாகப் பரவி, ஆயிரத்துக்கு மூன்று பேரிடம் இருக்கிறது.

அங்கே டாக்டர்கள், பெற்றோர் சம்மதத்துடன், பிறந்த குழந்தைகளின் குதிங்காலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 1,71,649 குழந்தைகள்! அவர்களில் 461 பேரிடம் இந்த மாற்றம் இருந்தது. 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்காணிப்பில் வைத்திருந்த குழந்தைகளுக்குக் கட்டி தோன்றிய போது, அது சிறிதாக இருக்கும் போதே அகப்பட்டது. அந்த நிலையில் அறுத்து எடுத்து விட்டால் பிழைத்துக் கொள்ளலாம். முற்றிய பிறகு மருந்து அதிகம் உதவுவதில்லை.

ஆனால் இதை ஒப்புக் கொள்ளாதவர்களும் உண்டு. மாற்றம் உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தக் கட்டி வருவதே இல்லை. சிலருக்காக 461 தாய்மார்களின் தூக்கத்தைக் கெடுப்பது நியாயமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால் நான் தெரிந்து கொள்ளத்தான் விரும்புவேன். தூக்கம் கெட்டாலும் குழந்தை இருக்கிறதே! அதோடு அந்த ஒரு சொட்டு ரத்தம் குழந்தையோடு நிற்பதில்லை. இந்த ஜீன் அப்பா வழியா, அம்மா வழியா என்று பார்த்துக் கொண்டே போனால், வீட்டிலே தனக்கு ஒன்றுமில்லையென்று வளைய வந்து கொண்டிருக்கும் பாட்டியும், கல்யாணமாகாத அத்தையும் மார்பைப் பரிசோதித்துக் கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.